புதுவையில் ஓர் இளம் பத்திராதிபர்

(நமது சங்கக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாரதியாரைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். அவருடைய கவிதையைப் பற்றிப் பேசத் தமிழ் வித்வான்கள் இருக்கிறார்கள். நானோ பௌதிகம் படித்துவிட்டு, 35 வருஷம் சர்க்கார் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன். ஆகவே மகாகவி பாரதியை அவர்களிடமே விட்டுவிட்டு, உத்தியோகம் பார்த்த பாரதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1908-இல், 25 வயதில், முன்பின் தெரியாத ஊரில் போய் இறங்கி ஒரு வாரப் பத்திரிகையை நடத்திய இளைஞர் அவர்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1904 நவம்பரில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்' நாளிதழில் உதவியாசிரியராகச் சென்னையில் சேர்ந்தார். பத்திரிகைத் தொழிலை அங்கேதான் கற்றார். 1906 மே மாதம் மண்டயம் குடும்பத்தார் 'இந்தியா' என்ற வார இதழை ஆரம்பித்தபோது, அதை எழுதி நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. கருத்துப் படங்களைத் தமிழ்ப் பத்திரிகையில் முக்கியமான அம்சமாக ஆக்கியது இந்த இதழ்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு உடனே புரியும். கோப்பில் குறிப்பு எழுதுபவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். நாளைக்கு விசாரணை என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர்தான். 'இந்தியா'விலும் அப்படித்தான். எழுதியவர் பாரதி. சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் எம். சீனிவாசன். 1908-இல் ராஜநிந்தனை வழக்கு வந்தது. சீனிவாசன் கைதானார். 5 வருஷ தண்டனை. அதே வருஷம் ஜூலையில்தான் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்திருந்தார்கள். அடுத்து பாரதிதான் என்று பயந்த நண்பர்கள், அவரைப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போகச் சொன்னார்கள். அவரும் போனார்.

போனது சரியா என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். ஏனென்றால், தன் எழுத்துக்காக வேறொருவர் சிறைக்குப் போயிருக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டே ஒவ்வொரு வாரமும் பேனாவை எடுக்க வேண்டியிருந்தது. அது லேசான காரியமா? நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. தப்பிப் போனவர் அங்கே என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்கிறேன்.

புதுச்சேரியில் அவருக்கு முதலில் ஒண்ட இடம் கொடுத்தவர் குப்புசாமி ஐயங்கார். அந்த ஊரில் பிரிட்டிஷ் போலீசுக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. ஆனால் வேவு பார்க்கத் தடை இல்லையே! யார் வருகிறார், யார் போகிறார், யார் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தார்கள். இப்படிப்பட்ட விருந்தாளியை வைத்துக்கொள்ள எந்தக் குடும்பஸ்தருக்கும் நெஞ்சுரம் வேண்டும். பிறகு துணைக்கு வந்தவர் கிருஷ்ணமாச்சாரி. பாரதி அவரைக் 'குவளைக் கண்ணன்' என்று பாட்டிலேயே நிலைநிறுத்திவிட்டார்.

அச்சு யந்திரமும் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது. 1908 அக்டோபரில் 'இந்தியா' மறுபடி வெளிவந்தது. மண்டயம் சீனிவாஸாச்சாரியார் பக்கபலமாக இருந்தார். இது சிறையிலிருந்த சீனிவாசன் அல்ல. இவர் வேறு.

ஒரு வாரப் பத்திரிகை என்றால் அன்றாட வேலை என்ன? தலையங்கம் எழுத வேண்டும். வெளியூர்ப் பத்திரிகைகளைப் படித்துச் செய்திகளைத் தமிழாக்க வேண்டும். இந்த வாரம் என்ன கருத்துப் படம் என்று யோசித்து, அதற்கு விளக்கம் எழுத வேண்டும். பிறகு அச்சுக்கோப்பு. ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிவது போல வலம் இடமாக அடுக்க வேண்டும். ஆங்கிலத்துக்குப் பெரிதும் சிறிதுமாக 52 எழுத்து. நமக்கோ 247! அச்சுக்கோப்பவரின் கை எத்தனை அறைகளுக்குப் போய் வர வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிழை திருத்தி, அச்சடித்து, மடித்து, விலாசம் ஒட்டித் தபாலில் சேர்ப்பதற்குள் அடுத்த வாரம் வாசலில் வந்து நிற்கும். இந்தச் சுமை போதாது என்று 'விஜயா' என்ற நாளிதழையும், 'கர்மயோகி' என்ற மாத இதழையும் வேறு அவர் ஏற்றுக்கொண்டார்.

இத்தனையும் எதை நம்பி நடந்தது? தபாலை நம்பி. புதுச்சேரி சின்ன ஊர். சந்தாதாரர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்தார்கள். ஒவ்வொரு பிரதியும் அந்த எல்லையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பிரிட்டிஷ் சர்க்காருக்குப் பத்திராதிபரைத் தொட முடியவில்லை, அச்சுக்கூடத்தையும் தொட முடியவில்லை. ஆகவே வழியை அடைத்தார்கள். 'இந்தியா' பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். 1910 பிப்ரவரியில் வந்த பத்திரிகைச் சட்டம், சந்தேகப்படும் தபால் கட்டுகளை நிறுத்திவைக்கும் அதிகாரத்தையும் கொடுத்தது. பிரதி போகாவிட்டால் சந்தா வராது. சந்தா வராவிட்டால் காகிதம் வாங்க முடியாது. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றுபோயிற்று. எழுத விஷயம் இல்லாமல் நிற்கவில்லை. எழுத ஆளில்லாமலும் நிற்கவில்லை.

27 வயதில் பத்திராதிபருக்குப் பத்திரிகை இல்லை. ஊருக்குத் திரும்ப வழியில்லை. அந்த ஊர் அவரை எப்படித் தாங்கியது? வாடகை கேட்க வரும் வீட்டுச் சொந்தக்காரச் செட்டியார், பாட்டைக் கேட்டுவிட்டு வாடகையைக் கேட்காமலே போய்விடுவார் என்று வ.ரா. எழுதியிருக்கிறார். முத்தியாலுப்பேட்டையில் கிருஷ்ணசாமி செட்டியாரின் தோப்பு அவருக்குத் திறந்திருந்தது. 'குயில் பாட்டு' பிறந்த தோப்பு அது. 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகம் 1912-இல் வெளிவந்தது. 1918 நவம்பர் வரை, 10 வருஷம், அந்த ஊரே அவருக்கு வீடு. பிறகு 1920-இல் பழைய 'சுதேசமித்திர'னுக்கே உதவியாசிரியராகத் திரும்பினார். மறு வருஷம் செப்டம்பரில், 39 வயது நிறையுமுன், போய்விட்டார்.

பாரதியின் தைரியத்தைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். அந்தத் தைரியம் வாரா வாரம் அச்சில் வருவதற்கு எத்தனை பேர் தோள் கொடுத்தார்கள் என்று பேசுவதில்லை. சிறைக்குப் போன சீனிவாசன், போலீஸ் கண்முன்னே கதவைத் திறந்தவர், பெயர் கூடத் தெரியாத அச்சுக்கோப்பவர், வாடகையை மறந்த செட்டியார், வராத பிரதிக்காகத் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருந்த சந்தாதாரர். இவர்களில் யாரும் கவிகள் இல்லை. நம்மைப் போன்றவர்கள்.

பல ஊர்களிலிருந்து இந்த இதழைப் படிக்கும் உறுப்பினர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் ஊருக்கும் யாராவது ஒரு பையனோ பெண்ணோ பத்திரிகை ஆபீஸ் வேலைக்கென்று புதிதாக வந்திருக்கலாம். நடுராத்திரிக்கு வேலை முடிந்து, அறைக்குத் திரும்பிச் சாப்பாடு இல்லாமல் படுக்கலாம். அவர்கள் எழுதுவது நமக்குப் பிடிக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு ரசம் சாதம் போடுங்கள். வீடு பிடிக்க ஜாமீன் கையெழுத்து கேட்டால், கொஞ்சம் யோசித்தாவது போட்டுக் கொடுங்கள்.

கடைசியாக, பொருளாளர் சார்பில் ஒரு வார்த்தை. நமது இதழுக்குச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்று போகும்போது கட்டிவிட்டுப் போகலாம். நம்மிடம் வசூல் செய்ய எந்தச் சர்க்காரும் தடை போடவில்லை.