சட்டமுறை நடைதூரம்

இங்கிலாந்தில் 5 முதல் 16 வயது வரையுள்ள தகுதியுடைய மாணவர்களுக்கு இலவசப் போக்குவரத்து அளிப்பது, 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உள்ளாட்சி மன்றங்கள் மீது சுமத்தியுள்ள கடமையாகும். பொருத்தமான மிக அருகிலுள்ள பள்ளி, 8 வயதுக்குட்பட்டோருக்கு 2 மைலுக்கும், அதற்கு மேற்பட்டோருக்கு 3 மைலுக்கும், அதாவது ஏறத்தாழ 4.8 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தால் இவ்வுரிமை கிட்டும். இவ்வெல்லையே 'சட்டமுறை நடைதூரம்' எனப்படுகிறது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வகுத்த இந்த அளவு, சாலைகளில் வாகனங்கள் பெருகிவிட்ட இக்காலத்திலும் மாறாதிருப்பது வருந்தத்தக்கது.

தூரம் நேர்கோட்டில் அளக்கப்படுவதில்லை. குழந்தை, தேவையானால் பெரியவர் துணையுடன், ஓரளவு பாதுகாப்பாக நடக்கக்கூடிய மிகக் குறுகிய வழியே கணக்கிற்கு வரும். எசெக்ஸ் உள்ளாட்சி மன்றம் தொடர்பான வழக்கில், விளக்கில்லாத, ஆளரவமற்ற பாதையாயினும் துணையுடன் நடக்க முடியுமாயின் அதுவும் கணக்கிற்குரிய வழிதான் என்று பிரபுக்கள் சபை 1986இல் தீர்ப்பளித்தது. பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு, அதே தூரம் திரும்பி நடந்து, பின்னர் வேலைக்கும் விரைய வேண்டிய தாய்க்கு இது மிகக் கடுமையான அளவுகோல்.

உடற்குறைபாடோ சிறப்புக் கல்வித் தேவையோ காரணமாக நடக்க இயலாதோருக்குத் தூர வரம்பு இல்லை. வருமானம் குறைந்த குடும்பத்தின் 11 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோ, 2 முதல் 6 மைலுக்குள் அமைந்த மிக அருகிலுள்ள 3 பள்ளிகளுள் ஒன்றில் பயின்றாலே இவ்வுரிமையைப் பெறுகின்றனர்.