களஞ்சியத்துக்கு ஒரு புதிய கணக்கப்பிள்ளை



சிறு கைத்தொழில் நடத்துவோர் பலர் விற்பனையிற் செலுத்தும் கவனத்திற் பாதியையேனும் தம் களஞ்சிய அறையிற் செலுத்துவதில்லை. முதல் முடங்குவதும் வேலை தடைப்படுவதும் பெரும்பாலும் அவ்வறையிலேதான் தொடங்குகின்றன. மூலப்பொருள்களின் இருப்பைக் கணக்கிடுவதற்குச் செயற்கை நுண்ணறிவு உதவியாளன் எவ்வாறு பயன்படும், எவ்விடத்தில் அதனை நம்பலாகாது என்பன பற்றி இன்று சில கூற விரும்புகின்றேன்.

ஒரு சிறு வெதுப்பகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே நாளொன்றுக்கு 50 கிலோ எடையுள்ள கோதுமை மா மூட்டைகள் 4 செலவாகின்றன என்க. மாவைக் குறைவாக வாங்கினால் ஒருநாட் காலையிற் பாண் இராது. வாடிக்கையாளர் அடுத்த கடைக்குச் செல்வர். வேலையாட்களுக்கோ வேலையின்றியும் கூலி கொடுத்தல் வேண்டும். மிகுதியாக வாங்கி அடுக்கினாற் பணம் மூட்டைகளுள் முடங்கும், ஈரக்காற்றில் மா கட்டிபடும், வண்டு விழும். இவ்விரு இடர்களிலும் சிக்காது தொழிலை நடத்துவதற்குக் கணக்கு வேண்டும்.

அக்கணக்குப் புதியதன்று. ஒரு முறைக்கு எவ்வளவு வாங்குவது என்பதற்கு, போர்ட் ஹரிஸ் என்னும் அமெரிக்கர் 1913 ஆம் ஆண்டிலேயே ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். கட்டளை கொடுக்குந்தோறும் உண்டாகும் செலவும், பொருளை வைத்துக் காக்கும் செலவும் கூடி எவ்வளவில் மிகக் குறைவாகுமோ, அவ்வளவே வாங்குக என்பது அதன் கருத்து.

எப்பொழுது வாங்குவது என்பது மற்றொரு வினா. கட்டளை கொடுத்து 5 நாளில் மா வந்து சேருமாயின், அதற்குள் 20 மூட்டை செலவாகிவிடும். வண்டி பிந்தினாலும் தாங்குவதற்கு 2 நாட் சேமிப்பாக 8 மூட்டை வேண்டும். ஆகவே, இருப்பு 28 மூட்டையாகக் குறைந்தவுடன் அடுத்த கட்டளையைக் கொடுத்தல் வேண்டும்.

ஒரு பொருளுக்கு இது எளிது. மாவோடு சீனி, ஈஸ்ட், மாஜரீன், முட்டை, பொதிசெய்யும் தாள் என முப்பது பொருள்களுக்கு நாள்தோறும் இதனைச் செய்வது எளிதன்று. ஒவ்வொன்றின் செலவும் வேறு. கெடுங் காலமும் வேறு. இங்கேதான் உதவியாளன் கைகொடுக்கின்றது. 2022 நவம்பரிற் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தபின், நாம் எழுதும் தமிழிலேயே இத்தகைய கருவிகளிடம் வினவி விடை பெறுதல் இயல்வதாயிற்று. நாட்செலவு, கையிருப்பு, கட்டளை கொடுத்த நாள், பொருள் வந்த நாள் ஆகியவற்றை அட்டவணையாக்கிக் கொடுத்தால், எப்பொருள் எப்பொழுது தீரும், எதனை இன்றே வாங்குதல் வேண்டும், எது தேங்கிக் கிடக்கின்றது என வகுத்துக் கூறும். 5 நாளில் மா தருபவர் என நாம் நம்பியிருந்த வியாபாரி, உண்மையில் 7 நாள் எடுக்கின்றார் என்பதையும் காட்டிவிடும். அங்ஙனமாயின் 28 மூட்டையும் அந்த 7 நாளிலேயே தீர்ந்துவிடும். சேமிப்பு என ஒன்றும் எஞ்சாது. 36 மூட்டை இருக்கும்போதே கட்டளை கொடுத்தல் வேண்டும் என்பது அப்பொழுது விளங்கும்.

ஆயினும் மூன்று எச்சரிக்கைகள் உள. முதலாவது, இக்கணக்கப்பிள்ளை களஞ்சிய அறைக்குட் சென்று பார்ப்பதில்லை. ஏட்டில் 28 மூட்டை இருக்கும். அறையில் 23 தான் இருக்கும். எலி கடித்ததும், எழுதாமல் எடுத்ததும் அதற்குத் தெரியா. வாரத்தில் ஒருநாளேனும் மூட்டைகளைக் கையால் எண்ணி ஏட்டைத் திருத்துதல் வேண்டும். பிழையான எண்ணைக் கொடுத்துச் சரியான விடையை எதிர்பார்த்தல் வீண்.

இரண்டாவது, தவறான விடையையும் அது தயக்கமின்றிக் கூறும். ஆதலின் கணக்கைப் படிப்படியாகக் காட்டுமாறு கேட்டு, பெருந்தொகைக் கட்டளைகளையேனும் நாமே ஒருமுறை கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, அது கொண்டு கணிப்பது சென்ற காலத்தின் பதிவுகளை. ஊர்க்கோயிலின் தேர்த்திருவிழா அடுத்த வாரம் என்பதையோ, நத்தார்க் கேக்குக்கு இவ்வாண்டு கூடுதலான கேள்வி வந்திருக்கின்றது என்பதையோ நாம் சொன்னாலன்றி அது அறியாது. கோதுமை இந்நாட்டில் விளைவதன்று, கப்பலில் வருவது. 2022 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது, சமையல் எரிவாயுவும் எரிபொருளும் கிடையாமையாற் பல வெதுப்பகங்கள் மூடப்பட்டன. முந்திய ஆண்டுகளின் ஏடுகளை மாத்திரம் நோக்கிய எக்கணக்கும் அதனை முன்கூட்டி அறிவித்திராது. நாட்டு நிலைமையை அறிந்து சேமிப்பைச் சற்று உயர்த்துவது நமது பொறுப்பேயாம். எனினும், அச்சத்தால் அளவுமீறிக் குவித்தலும் தகாது. எல்லோரும் குவிக்கத் தொடங்கினால் இல்லாத தட்டுப்பாடும் உண்டாகும். அயலிலுள்ள சிறு வெதுப்பகத்தின் அடுப்பே முதலில் அணையும்.

இம்முயற்சியைத் தொடங்க விரும்பும் நேயர்கள் ஒரு கொப்பியும் மூன்று பொருள்களும் கொண்டு தொடங்கலாம். ஒரு மாதம் வரவு செலவைத் தவறாது எழுதுக. பின்னர் அதனை உதவியாளனிடம் கொடுத்து, அது கூறும் விடையைக் களஞ்சியப் பொறுப்பாளருடன் அமர்ந்து ஒப்பிடுக. மூட்டைகளைத் தூக்கி அடுக்கும் அவர் அறிந்தவை பல ஏட்டில் ஏறுவதில்லை. ஆலோசனையை இயந்திரம் கூறட்டும். கட்டளைச் சீட்டிற் கையொப்பமிடுபவர் நாமாகவே இருத்தல் வேண்டும். பணமும் நம்முடையது, காலையிற் பாணுக்காகக் காத்து நிற்போரும் நம்மவரே.