எந்த இன்ஜினில் டர்போ மாட்டலாம்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு வேறு. மேடையேறும் உரிமையில் அதை நானே மாற்றிக்கொண்டேன். போன மாதம் மூன்றாமாண்டு மாணவர்கள் நாலு பேர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு பழைய கார் வாங்கி, அதில் டர்போ மாட்டி, மாமல்லபுரம் ரோட்டில் ஓட்ட வேண்டுமாம். "அண்ணா, ஹோண்டா சிட்டி விடெக் எடுக்கலாமா? 106 குதிரைத்திறன் இருக்கே!" என்றார் ஒருவர். இன்னொருவர் இதற்காகத் தன் பைக்கையே விற்கத் தயாராக இருந்தார். இவர்களுக்கு அரைகுறையாகப் பதில் சொல்லக்கூடாது என்றுதான் இந்தப் பேச்சு.

முதலில் நம் ஜி.எஸ்.டி. ரோட்டுக் கதை ஒன்று. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1985ல் அவர்கள் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரைக் கொண்டுவந்தார்கள். உடம்பு, இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். அங்கே அதற்கு 3.5 லிட்டர் வி8 இன்ஜின் வரை கிடைத்தது. இங்கே வைத்ததோ வான்கார்டு காலத்து 1991 சி.சி. நாலு சிலிண்டர் இன்ஜின். இந்த இன்ஜின் குடும்பம் லேசுப்பட்டதல்ல. ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது, ட்ரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. ஆனாலும் அந்தப் பெரிய உடம்பை இழுக்க அதனால் முடியவில்லை, பெட்ரோலையும் குடித்தது. 1988ல் தயாரிப்பே நின்றுவிட்டது. நல்ல இன்ஜின் என்று பொதுவாக எதையும் சொல்ல முடியாது. எந்த வேலைக்கு என்று கேட்ட பிறகுதான் நல்லதா கெட்டதா என்று பேசணும்.

டர்போவின் வேலை என்ன? எக்ஸாஸ்டில் வீணாகப் போகும் வாயு ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. இது புத்தகத்தில் இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு என்ன ஆகும் என்பதை நாம்தான் கணக்குப் போட வேண்டும். கத்திரி வெயிலில் செங்கல்பட்டில் காற்று 38 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அரை பார் பூஸ்ட், கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம். வெளியே வரும் காற்றின் சூடு கிட்டத்தட்ட 92 டிகிரி! அழுத்தம் ஒன்றரை மடங்கு ஆனாலும் சூட்டில் காற்று விரிந்துவிடுவதால் உள்ளே போகும் காற்று சுமார் 28 சதவீதம்தான் கூடுகிறது. நல்ல இன்டர்கூலர் வைத்து 55 டிகிரிக்கு இறக்கினால் அதே பூஸ்டில் 40 சதவீதம் பக்கம் கூடும். ஆக, பூஸ்டை ஏற்றுவதற்கு முன்னால் இன்டர்கூலருக்கு பம்பருக்குப் பின்னால் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கடலோரம் ஓட்டுகிறவர்கள் அதன் அலுமினிய இறகுகளை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும். உப்புக்காற்று யாரையும் விட்டு வைக்காது.

சூடான காற்றின் அடுத்த ஆபத்து நாக்கிங். பிளக் பொறி விடுவது ஒரு பக்கம் இருக்க, மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிக்கிறது. சாதாரண இன்ஜினில் அது சத்தம். டர்போ இன்ஜினில் அது பிஸ்டன் ரிங் உட்காரும் கரையையே உடைத்துவிடும். அதனால்தான் கம்ப்ரஷன் ரேஷியோ அதிகமாக உள்ள இன்ஜின் டர்போவுக்கு உகந்ததல்ல. தம்பிகள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். டர்போ இல்லாமலே லிட்டருக்கு லிட்டர் அதிக சக்தி தரும் இன்ஜின், ஏற்கெனவே தன் கையிருப்பை எல்லாம் செலவழித்துவிட்ட இன்ஜின். நமக்கு வேண்டியது சோம்பேறியாகத் தெரிகிற, எலும்பு கெட்டியான ஆள்.

அந்த எலும்பு பிளாக்தான். விடெக் கேட்ட தம்பிக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஹோண்டா பிளாக் அலுமினியம், மேல்புறம் திறந்த அமைப்பு. சிலிண்டர்களின் மேல்முனை பிளாக்கோடு சேராமல், தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி வைத்த டம்ளர் மாதிரி நிற்கும். எடை குறைவு, குளிர்ச்சி நன்றாகக் கிடைக்கும், ஹோண்டா நினைத்த வேலைக்கு அற்புதம். பூஸ்ட் ஏற ஏற டம்ளர் அசையும், ஹெட் கேஸ்கெட் போகும். ஸ்லீவ் போட்டுச் சரிசெய்யலாம்தான். ஆனால் அந்தச் செலவில் இன்னொரு காரே வாங்கலாம்.

அப்புறம் எது? நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு 1999ல் தொடங்கிய ஐகான் காரின் 1.6 ரோகாம் இன்ஜின். 1597 சி.சி., வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், சிலிண்டருக்கு இரண்டே வால்வு, டைமிங்குக்குச் செயின். இதே குடும்பத்தின் 1 லிட்டர் இன்ஜினில் பிரேசிலில் ஃபோர்டு நிறுவனமே சூப்பர்சார்ஜர் வைத்து விற்றது. ஹூண்டாய் ஆக்சென்டின் 1.5 லிட்டர் ஆல்ஃபா இன்ஜினும் இரும்பு பிளாக்தான். அதன் குடும்பத்தில் ஸ்கூப் என்ற காருக்குக் கம்பெனியே டர்போ வைத்தது. நான் பார்க்கும் முதல் அடையாளமே இதுதான். தயாரித்தவனே அந்தக் குடும்பத்துக்கு அழுத்தக் காற்று கொடுத்திருந்தால், பிஸ்டனில், ஆயில் வழியில், கம்ப்ரஷனில் அவன் எதை மாற்றினான் என்று பார்த்து நாமும் கற்றுக்கொள்ளலாம்.

பெட்ரோலையும் மறக்காதீர்கள். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. நாக்கிங்குக்கு அது நல்லதே. ஆனால் முழு எரிப்புக்கு வேண்டிய காற்று-எரிபொருள் விகிதம் 14.7லிருந்து 13.5 பக்கம் இறங்குகிறது. அதாவது அதே காற்றுக்கு அதிக பெட்ரோல் வேண்டும். நிதானமாக ஓடும்போது ஆக்சிஜன் சென்சார் திருத்திக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை முழுசா அழுத்தும்போது பழைய இ.சி.யு. தன் பழைய அட்டவணையைத்தான் பார்க்கும். டர்போ அடைக்கும் நேரமும் அதுதானே! இன்ஜெக்டர், பம்ப், இ.சி.யு. மூன்றுக்கும் பணம் ஒதுக்காமல் டர்போவுக்கு மட்டும் பணம் சேர்த்தால், சேர்த்தது பிஸ்டன் மாற்றப் போய்விடும்.

இப்போது அந்த நாலு பேருக்கும் பிடிக்காத பகுதி. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வீட்டில் மாட்டிய டர்போவோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய், கோவளம் தாண்டி ஒரு மீன்காரம்மா குறுக்கே வந்துவிட்டால், உங்கள் இன்ஷூரன்ஸ் கைகொடுக்கும் என்று நம்பாதீர்கள். அந்தம்மாவின் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? ஆகவே என் முடிவு இரண்டாகப் பிரிகிறது. இன்ஜினைப் பிரித்துக் கற்க வேண்டுமா, ரோகாமோ ஆக்சென்டோ எடுங்கள். நம் வொர்க்‌ஷாப் ஸ்டாண்டில் ஓடட்டும். வண்டியில் ஏற்றினால் டிரெய்லரில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்குப் போகட்டும். ரோட்டில் டர்போ வேண்டுமா, கம்பெனியே மாட்டிக் கொடுத்ததை வாங்குங்கள். 2013ல் மறைமலை நகரிலிருந்தே வந்த ஈகோஸ்போர்ட் ஈகோபூஸ்ட் 999 சி.சி.யில் 125 குதிரைத்திறன் தந்தது. அதுவும் இரும்பு பிளாக். ஆனால் அதன் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுவது. முந்தைய சொந்தக்காரர் கண்ட ஆயிலை ஊற்றியிருந்தால் பெல்ட் உரிந்து ஆயில் வழியை அடைக்கும். சர்வீஸ் ரசீது இல்லையென்றால் பேரம் பேசவே உட்காராதீர்கள். அந்தத் தொழிற்சாலையில் கார் தயாரிப்பு 2022ல் நின்றது. பழைய ஃபோர்டு எதை வாங்கினாலும் உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழைய இன்ஜின் பார்க்கப் போகும்போது கையில் கம்ப்ரஷன் கேஜ் இருக்கட்டும். இன்ஜின் சூடான பிறகு எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுசா அழுத்தி, ஒவ்வொரு சிலிண்டராக எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிகமானதற்கும் குறைந்ததற்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஆயில் மிதக்கிறதா என்றும் பாருங்கள். விற்பவர் "இப்பத்தான் ஓவர்ஹால் பண்ணினது" என்று சொன்னால் இரண்டு தடவை பாருங்கள்.

கேஜ் வாங்க வேண்டாம், என்னுடையதையே தருகிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு வொர்க்‌ஷாப் வாசலில் இருப்பேன், அந்த நாலு பேரும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.