முதியோர் புற்றுநோயும் ஓமோன் எதிர்ப்புக் குளிசையும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்குச் சங்கடந்தரும் விடயம் ஒன்றை இன்று பேசப்போகிறேன். பேசாது விடுவதால் வரும் நட்டம் பெரிதாதலின் பொறுத்தருள வேண்டும்.

ஆண்களுக்குச் சலப்பையின் கீழே, சலக்குழாயைச் சுற்றி, சிறு சுரப்பியொன்று உண்டு. புரொஸ்தேற்று என்பது அதன் பெயர். வயது ஏற அது பருப்பது இயல்பு. சலம் தடைப்பட்டுப் போவதும், இரவில் நாலைந்து தரம் எழும்புவதும் பெரும்பாலும் அதனாலேயே. ஆயினும் அதே சுரப்பியில் புற்றுநோயும் தோன்றும். தொடக்கத்தில் அறிகுறி எதுவும் காட்டாமலும் இருக்கும். பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ கடற்றொழில் செய்த மனிதர் தமது நாரிநோவை வலை இழுத்த நோவென்றே எண்ணுவார். எலும்புக்குப் பரவிய நோயும் நாரியில்தான் நோகும்.

இந்நோய்க்கு ஒரு விசித்திரம் உண்டு. ஆண்மைக்குரிய ஓமோனே இதற்கு உணவு. சிக்காகோ நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் சாள்ஸ் ஹகின்ஸ், கிளாரன்ஸ் ஹொட்ஜஸ் என்பவரோடு சேர்ந்து, விதைகளை அகற்றினால் பரவிய நோயும் தணியும் என்பதை 1941ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். 1966இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. விதைகளை அகற்றாமலே அவற்றின் வேலையை நிறுத்தும் ஊசிகள் பின்னர் வந்தன. அவற்றுட் சில, ஓமோனைக் குறைக்குமுன் முதல் வாரங்களில் கூட்டிவிடும். எலும்புநோவு மிஞ்சும், முள்ளந்தண்டு நெரிபடவும் கூடும். அதனைத் தடுக்கவே ஊசியோடு ஒரு குளிசையும் கொடுப்பர்.

அதுவே ஓமோன் எதிர்ப்புக் குளிசை. மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பேருந்தை எண்ணிப் பாருங்கள். ஆசனங்களில் முன்னரே ஆட்கள் அமர்ந்துவிட்டால், பிந்தி ஏறியவர் நின்றுகொண்டுதான் போகவேண்டும். புற்றுநோய்க் கலத்தினுள் ஓமோன் அமரும் ஆசனத்தில் இம்மருந்து முந்திப்போய் அமர்கிறது. ஓமோன் இருந்தும் அதற்கு இடமில்லை. முன்னாளில் புளூற்றமைட், நாளுக்கு மூன்று வேளை. பின்னர் வந்த பைகலுற்றமைட், நாளுக்கு ஒரு தரம். ஈரலைத் தாக்கக்கூடுமாதலால் இடையிடையே இரத்தம் சோதிப்பர்.

இனித்தான் சங்கடமான இடம். இக்குளிசையால் பலருக்கு மார்பு நொந்து பெருக்கும். ஊசியால் உடம்பில் திடீரெனச் சூடு பரவி வியர்க்கும். இல்லற நாட்டம் குறையும். நம்மவர் கோயிலுக்குள் மேற்சட்டை கழற்றிப் போகிறவர்கள் அல்லவா? மார்பு பெருத்த முதியவர் முதலிற் கோயிலுக்குப் போவதை விடுகிறார். பிறகு குளிசையை விடுகிறார். மனைவிக்குஞ் சொல்வதில்லை, மகனுக்குஞ் சொல்வதில்லை. கிளினிக்கில் மட்டும், “ஒழுங்காக எடுக்கிறேன், ஐயா” என்பார். மார்பு பெருப்பதைக் குறைக்கத் தமொக்சிபென் என்னும் மருந்து உண்டு. முன்கூட்டியே கொடுக்கும் சிறு கதிர்ச் சிகிச்சையும் உண்டு. வாய்திறந்து கேட்டால்தானே கொடுப்பார்கள்? இளைஞர்களே, தகப்பனார் கோயிலுக்குப் போவதை ஏன் நிறுத்தினார் என்று கேட்டீர்களா?

முன்பு இதற்கெல்லாம் மகரகமவுக்குப் போனோர் பலர். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து திரட்டிய பணத்தில் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. சங்குப்பிட்டிப் பாலமும் அவ்வாண்டே திறக்கப்பட்டமையால், பூநகரி வழியே யாழ்ப்பாணம் போவது இலகுவாயிற்று. இருந்தும் நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். முதியவருக்குத் துணை வேண்டும். 2022இல் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்ததையும் மறக்கமுடியாது. ஒரே தரத்தில் முடியும் விதை அகற்றுஞ் சத்திரசிகிச்சை, ஊசிக்கு ஈடாக ஓமோனைக் குறைக்கும். தூரத்து ஊராருக்கு அதுவே உகந்தது என்பது என் எண்ணம். இதைச் சொன்னவுடன் எழும்பிப் போகிறவர்களும் உண்டு!

நாளடைவில் நோய் குளிசைக்குப் பழகிவிடும். சிலரில் அக்குளிசையே நோய்க்கு உணவாகிவிடும். அப்போது வைத்தியரே அதை நிறுத்துவார், பி.எஸ்.ஏ. என்னும் இரத்த அளவு சிலகாலம் இறங்குவதும் உண்டு. அது அளவு பார்த்து நிறுத்துவது; கூச்சத்தால் நிறுத்துவது வேறு. அபிரற்றெறோன், என்சலுற்றமைட் என்னும் புதிய மருந்துகளும் இப்போது உள்ளன. தொடக்கத்திலேயே அவற்றைக் கொடுப்பதும் உண்டு.

கேள்விகள் இருப்பின் இங்கேயே கேட்கலாம். தனியே கேட்க விரும்பும் பெரியவர்களுக்காகக் கூட்டம் முடிந்தபின் மண்டபத்தின் பின்பக்கத்தில் நிற்பேன்.