உபாத்தியாயர் வேலையும் "தகுதி"யும்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துச் சர்க்கார் பள்ளிகளில் படிப்பது யாருடைய பிள்ளைகள்? எஸ்டேட்டில் கூலிக்கு நிற்பவர், வீட்டு வேலை செய்பவர், பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்தவர் ஆகிய இவர்களுடைய பிள்ளைகளே பெரும்பாலும் அங்கிருக்கிறார்கள். ஆகவே, அங்கு உபாத்தியாயர் இல்லையென்றால் அந்த நஷ்டம் யாருக்கு என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஏன் இல்லை என்று கேட்டால், தகுதியுள்ளவர்களைத் தேடுகிறோம் என்கிறார்கள். அந்தத் தகுதியின் யோக்கியதையைச் சற்று கவனிப்போம்.

கல்வி உரிமைச் சட்டம் 2010இல் அமலுக்கு வந்த பிறகு, தகுதித் தேர்வு என்பதாக ஒன்று ஏற்பட்டது. 2012 ஜூலையில் நடந்த முதல் பரீட்சையில் 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரமே கொடுத்தார்கள். 6 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதி 2,448 பேரே தேறினார்கள். அக்டோபரில், மறுபரீட்சை வைத்து நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். 19,000 பேருக்கு மேல் தேறிவிட்டார்கள். மூன்று மாதத்தில் மூளை வளர்ந்ததா, கடிகாரம் வளர்ந்ததா? யோசித்துப் பாருங்கள்.

நிற்க, தேறியவர்களுக்காவது வேலை கிடைத்ததா? 2014இல் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கையும் சேர்த்து வரிசை போட்டார்கள். மார்க்கைக் கிள்ளிக் கொடுத்த காலத்தில் படித்த வயதானவர்கள் பின்னுக்குப் போனார்கள். 2018இல் அதையும் கைவிட்டு, தேறியவர்களும் இன்னொரு போட்டிப் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். அது நடந்ததோ 2024இல்! அதற்கு முன்பே 2022இல், 13,331 காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களை வைத்துக்கொள்ள உத்தரவாயிற்று. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய். அதாவது, முழுச் சம்பளம் கேட்டால் இரண்டாவது பரீட்சை வேண்டும். அரைவயிற்றுக் கூலிக்கு வருவதானால் அது வேண்டியதில்லை. இதற்குப் பெயர் தகுதியா, சிக்கனமா?

இதைவிட மோசமான விஷயம் ஒன்றுண்டு. வருஷந்தோறும் ஆகஸ்டு 1ந் தேதியில் உள்ள பிள்ளைகளின் தொகையைக் கொண்டுதான் உபாத்தியாயர் இடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. உபாத்தியாயர் இல்லாவிட்டால் பிள்ளை போகும். பிள்ளை போனால் இடம் போகும். இடம் போனால் மிச்சமுள்ள பிள்ளையும் போகும். பிறகு, "சர்க்கார் பள்ளிக்கு யார் வருகிறார்கள்?" என்று நம்மையே கேட்பார்கள்.

பரீட்சையே கூடாது என்பதல்ல என் அபிப்பிராயம். இந்த எஸ்டேட்டில் கடைசல் யந்திரத்துக்கு ஆள் எடுப்பவன் ஒரு தரம் சோதித்துப் பார்ப்பான். தேறினால் மறுநாளே யந்திரத்தில் நிறுத்துவான். தேறியவனை வாசலில் பல வருஷம் உட்கார வைத்து, உள்ளே யந்திரத்தைச் சும்மா போட்டிருப்பானா? இரும்புக்குள்ள அவசரம் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

ஆகையால், பெற்றோர்களாகிய நீங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்குப் போய், 'எத்தனை இடம் காலி? எத்தனை நாளாய்க் காலி? நிரந்தர ஆசிரியர் எப்போது வருவார்?' என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.