கடல்கடந்த மணமும் காணாத மழலையும்

 

உடன்பிறந்தாள் மணம், அவள் வயிற்றுப் பிள்ளையின் முதல் நடை, முதற்சொல் ஆகிய இவையெல்லாம் வீட்டுச் செய்திகள். மொழிகாக்கும் இயக்கத்தார்க்கு இவற்றில் என்ன வேலை என்று கேட்பார் உளர். ஆட்சிமொழிச் சட்டத்தைப் பற்றியும் பாடமொழியைப் பற்றியும் எத்தனை மேடைகளில் பேசியாயிற்று! அவை பேசவேண்டியவையே. ஆயினும் பள்ளி வாயிலில் கால் வைக்கும் முன்பே ஒரு மகவின் மொழி முடிவாகிவிடுகிறது. அம்முடிவு எங்கே, யாரால், எந்தத் திங்களில் செய்யப்படுகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதற்குப் பெரியபட்டினத்தைவிடத் தக்க ஊர் வேறில்லை.

இராமநாதபுரத்துக்குத் தெற்கே, கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையே, மன்னார்க் குடாக் கடலைப் பார்த்திருக்கும் ஊர் அது. இன்று மீன்பிடிப்பும் அயல்நாட்டுப் பிழைப்புமாக வாழ்கின்றது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்போ அது கீழ்க்கடலின் பெருந்துறைகளுள் ஒன்று. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்தபோது 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. சப்பானிய அறிஞர் நொபுரு கராசிமாவும் நம் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலுவும் அவ்வோடுகளை ஆய்ந்தவர்கள். மொரோக்கோ நாட்டு வழிச்செலவினர் இபுனு பதூத்தா தம் நூலில் 'பத்தன்' என்று குறிக்கும் துறைநகர் இப்பெரியபட்டினமே என்பது ஆய்வாளர் சிலர் முடிபு. வேறு பட்டினங்களைச் சொல்வாரும் உண்டு.

கி.பி. 1344, அதாவது திருவள்ளுவர் ஆண்டு 1375. மாலத்தீவில் அறமன்ற நடுவராக இருந்து, அங்குள்ள அமைச்சரோடு மனம் முறிந்து வெளியேறிய இபுனு பதூத்தா, இலங்கைக்குச் சென்று, அங்கிருந்து புறப்பட்ட மரக்கலம் உடைந்து தமிழ்க்கரையில் ஒதுங்கினார். அயல்மண்ணில் அவருக்கு ஓர் உறவு இருந்தது! மதுரையைத் தில்லியினின்று பிரித்து 1335இல் தனியரசு அமைத்த சலாலுத்தீன் அகுசனின் மகளைத் தில்லியில் மணந்தவர் அவர். அம்மனைவியின் உடன்பிறந்தாளை மணந்தவனே அப்போது மதுரையை ஆண்ட கியாசுத்தீன் தமகானி. ஒரு தந்தையின் மகளிர் இருவர். ஒருத்தியின் மணம் தில்லியில் வந்து தங்கிய மேற்கு நாட்டானோடு. மற்றொருத்தியின் மணம் மதுரையைப் பிடித்திருந்த படைத்தலைவனோடு. அந்த மணத்தொடர்பே கரையொதுங்கியவருக்கு உணவும் உடையும் ஊர்தியும் பெற்றுத் தந்தது.

அத்தமகானி எத்தகையவன் என்பதை இபுனு பதூத்தாவே மறையாது சொல்லியிருக்கிறார். போசள மன்னன் வல்லாளனைப் பிடித்து, அவன் பொருளெல்லாம் பறித்தபின் கொன்று, தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டவன் அவன். காட்டில் சிறைப்பட்ட எளிய மக்களையும், அவர்தம் பெண்டிரையும் பால்குடி மாறாத மக்களையும் கொல்வித்தான். இத்தகு கொடுமையை வேறெந்த மன்னனும் செய்யக் கண்டதில்லை என்று, அவன் உப்பைத் தின்ற உறவினரே வெறுத்து எழுதும் அளவுக்கு இருந்தது அது. கொன்றவன் இன்ன சமயத்தான் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு இன்று பகை வளர்ப்பார், அவனைக் கண்டித்து எழுதியவரும் அதே சமயத்தாரே என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அது நிற்க.

இன்னொரு கடல்கடந்த மணத்துக்கும் அப்போது ஏற்பாடு நடந்தது. மாலத்தீவின்மேல் படை செலுத்தலாம் என்று இபுனு பதூத்தா எடுத்துக்கொடுக்க, தமகானி அதை ஏற்றான். முதலில் பரிசுப் பொருள்கள் செல்லவேண்டும். அத்தீவரசியின் உடன்பிறந்தாளைத் தமகானிக்கு மணம் பேசி ஒப்பந்தம் எழுதவேண்டும். பின்னாலே படை செல்லவேண்டும். மணப்பெண்ணைக் கேட்டார் இல்லை; அவள் மொழி என்னவென்று அறிந்தாரும் இல்லை. கலங்கள் புறப்பட மூன்று திங்கள் ஆகும் என்றான் கடற்படைத் தலைவன். காத்திருந்த நாளில் கண்டதே பத்தன். கடலுக்குள் பருத்த மரத்தூண்கள் நட்டு எழுப்பிய மேடை, அதற்குக் கரையிலிருந்து செல்லக் கூரையிட்ட மரப்பாதை, பகைவர் வந்தால் அம்மேடையோடு கலங்களைப் பிணைத்து வில்லாளர் ஏறி நிற்கும் ஏற்பாடு, கல்லால் கட்டிய பள்ளிவாசல், முந்திரிக்கொடியும் மாதுளையும் ஆகிய இவ்வளவும் அந்நூலில் உள்ளன. பிறகு மதுரையில் கொள்ளைநோய் பரவிற்று. தமகானியின் ஒரே மகன் மாண்டான், தாய் மாண்டாள், அவனும் மாண்டான். மணமும் படையும் நடவாமற் போயின.

இனி, இவ்வுரைக்கு உயிரான செய்திக்கு வருவோம். மாலத்தீவை விட்டு இபுனு பதூத்தா கலம் ஏறியபோது அங்கு அவர் மனைவியருள் ஒருத்தி கருவுற்றிருந்தாள். பத்தன் துறையினின்று மேலைக்கரைக்குச் சென்று, வழியில் கடற்கொள்ளையரிடம் உடைமை எல்லாம் இழந்து, கோழிக்கோட்டில் இருந்தபோது மகன் நினைவு வந்தது. மகனை அழைத்து வந்துவிடுவது என்ற எண்ணத்தோடு மாலத்தீவுக்குத் திரும்பினார். மகவுக்கு அப்போது அகவை இரண்டு. தாய் அமைச்சரிடம் முறையிட்டாள். தந்தை கொண்டுபோக விரும்பினால் தடுப்பதற்கில்லை என்றார் அமைச்சர். மகனைக் கொணர்ந்து காட்டினார்கள். பார்த்தார். தாய்ப்பக்கத்தாரிடம் இருப்பதே பிள்ளைக்கு நல்லது என்று தோன்றியதாகச் சொல்லி, அவர்களிடமே விட்டுச் சில நாளில் வங்காளத்துக்குக் கலம் ஏறிவிட்டார்.

அகவை இரண்டு! அந்த இரண்டுக்குள் என்னென்ன முடிந்துவிட்டன என்பதைத் தமிழரைப் போல் கணக்கிட்டு வைத்தவர் அருகியே இருப்பர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும் மூன்றாம் திங்களில் தொடங்கி இருபத்தோராம் திங்களில் முடிக்கிறது பன்னிரு பாட்டியல். முதலிலுள்ள காப்பு மட்டும் பிறர் மகவுக்குச் செய்வது; எஞ்சியவை மகவின் வளர்ச்சியை ஒட்டியவை. ஐந்தாம் திங்களில் கையூன்றித் தலைநிமிர்த்தி அசைவது செங்கீரை. ஏழில் தால். தால் என்பது நா. தாலாட்டில் தாய் நாவை அசைக்க, அதைப் பார்த்து மகவும் நாவை அசைக்கத் தொடங்கும் காலம். சப்பாணி கொட்டுவது ஒன்பதில். கேட்டால் முத்தம் தருவது பதினொன்றில். தளர்நடையிட்டு வருவது பதின்மூன்றில். பதினைந்தாம் திங்களில் நிலவைச் சுட்டிக்காட்டி அம்புலியை ஆடவா என்றழைப்பது. சுட்டும் விரலும் சொல்லும் ஒன்றுகூடும் நாள் அது! பின்னர்ச் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும். மருத்துவமனையில் இன்று சுவரில் மாட்டியிருக்கும் வளர்ச்சி அட்டவணைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பாட்டாய் இருப்பதனால் இதை வெறும் புலமை விளையாட்டென்று ஒதுக்கியவர் நம்மவரே. நபிகள் பெருமானைப் பாட்டுடைத் தலைவராக்கியும் இசுலாமியப் புலவர் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கின்றனர். அரபுநாட்டில் பிறந்த பெருமகனையும் தமிழ்த் தொட்டிலில் கிடத்தித் தாலாட்டியவர்கள் அவர்கள்.

இப்போது எண்ணிப் பாருங்கள். இபுனு பதூத்தா தம் மகனைக் கண்டபோது இருபத்தோராம் திங்கள் கடந்திருந்தது. பத்துப் பருவமும் முடிந்துபோயின. தந்தையின் அரபுமொழி அம்மகவின் செவியில் விழவேயில்லை. தீவுமொழியில்தான் அது நிலவை அழைத்திருக்கும்.

பெரியபட்டினத்து வீடுகளில் இக்கதை பழங்கதையன்று. இக்கரையின் ஆண்கள் முன்னே இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்றார்கள். 1970களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்கிறார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுப்பு. கருவுற்ற மனைவியை விட்டுப் போனவன் திரும்பும்போது பிள்ளை சிறுதேர் உருட்டிக்கொண்டிருக்கும். வாசலில் நிற்கும் ஆளைக் கண்டு தாயின் பின்னே ஒளிந்துகொள்ளும். இக்கண்ணீர் இக்கரையில் பல வீடுகள் அறிந்தது.

ஆனாலும் அப்பிள்ளை தமிழ்ப்பிள்ளையாகவே வளர்ந்தது. ஏன்? கடலோடும் குடிகள் அதற்கு ஒரு காப்பு செய்து வைத்திருந்தார்கள். கீழக்கரை முதலிய இக்கடற்கரை ஊர்களின் மரைக்காயர் குடும்பங்களில் மகளுக்கே வீடு கொடுப்பர். மணமகன் பெண்வீட்டில் வந்து வாழ்வான். அவன் கடல்மேல் போனாலும் அவளைச் சுற்றித் தாயும் தாயின் தாயும் தமக்கை தங்கையரும் இருப்பர். மகவின் செவி ஒருபோதும் வெறுமையாய் இருந்ததில்லை. அவ்வீடுகளில் வழங்கும் தமிழ் எப்படிப்பட்டது! காலையுணவுக்கு 'நாசுட்டா' தேடாமல் பசியாறுவார்கள். குழம்பை 'ஆணம்' என்பார்கள். அரபுச் சொல் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல் என்று சமயத்தின் நடுச்சொற்களையே தமிழில் வைத்துக்கொண்டவர்கள். உம்மா, வாப்பா என்ற விளிகளில் அரபின் சாயல் காண்பார் காணட்டும். நோன்புக்கு 'விரதம்' என்றும் தொழுகைக்குப் 'பிரார்த்தனை' என்றும் எழுதிக்கொண்டிருந்தவர்கள் அவர்களுக்குத் தமிழ்ப்பாடம் நடத்த வேண்டியதில்லை.

அக்காப்பு இன்று உடைகிறது. உடைப்பது வறுமையன்று, வளம். தம்பியின் மணம் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ நடக்கிறது. ஊரிலிருக்கும் அக்காள் கையகலத் திரையில் அதைப் பார்க்கிறாள். அழைப்பிதழ் ஆங்கிலத்தில் வருகிறது. மணமக்கள் பத்தாம் மாடியில் தனிவீடு காண்கிறார்கள். அடுத்த ஆண்டு மகவு. தாயும் பணிக்குச் செல்ல, வேற்றுமொழிப் பணிப்பெண் கையில் ஏழாம் திங்கள் கழிகிறது. தாலாட்டுவார் யார்? அண்டை அயலார் எல்லாரும் 'அங்கிள்', எல்லாரும் 'ஆன்ட்டி'. சிற்றப்பனும் மாமனும் அத்தையும் சின்னம்மாளும் ஒரே சொல்லில் கரைந்துபோகிறார்கள். சொல் போனால், மாமன் என்றால் இன்ன உரிமையும் இன்ன கடமையும் உடையவன் என்னும் முறையும் போகிறது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று, பள்ளியிலும் உண்டு, வானொலியிலும் உண்டு. அங்கேயே வீட்டில் தமிழ் பேசும் இந்தியக் குடும்பங்களின் பங்கு 2010, 2020 ஆகிய இரு கணக்கெடுப்புகளுக்கிடையே குறைந்திருக்கிறது. சட்டம் தந்த உரிமையைத் தொட்டில் கைவிட்டது!

இதை உணர்ச்சியால் மட்டும் சொல்லவில்லை. எல்லா மொழி ஒலிகளையும் பிரித்தறியும் மகவின் திறன், கேட்காத ஒலிகளைப் பொறுத்து ஓராண்டு நிறையுமுன்பே மங்கிவிடுகிறது என்பதைக் கனடா நாட்டில் சேனட்டு வெர்க்கரும் அவருடன் ஆய்ந்தாரும் 1984இல் காட்டினர். ளகர ழகரம் வரவில்லையே என்று ஆறாம் அகவையில் ஆசிரியர் வைப்பவர்கள், காலம் எப்போது கடந்தது என்பதை இதிலிருந்து அறியலாம். 2003இல் அமெரிக்காவில் பற்றீசியா கூல் குழுவினர் ஒன்பது திங்கள் மக்களுக்குச் சீனமொழி கேட்பித்தனர். எதிரே ஆள் இருந்து பேசி விளையாடிய மக்கள் அவ்வொலிகளைப் பற்றிக்கொண்டன. அதே பேச்சைத் திரையில் கண்டவை ஒன்றும் பற்றவில்லை. தமிழ்ப்பாட்டுப் படத்தை ஓடவிட்டுச் சமையலறைக்குப் போகும் தாய் இதைக் கேட்கவேண்டும்.

தொலைவிலிருக்கும் தந்தையர்க்கு வழியே இல்லையா என்றால், உண்டு. திரைவழியாயினும், மகவின் ஒலிக்கு உடனுக்குடன் மறுமொழி தந்து பேசும் பேச்சு பயன்படுகிறது என்கின்றன பின்னை ஆய்வுகள். ஆகவே வளைகுடாவிலிருந்து அழைப்பவர் மனைவியிடம் பணக்கணக்கு மட்டும் பேசி முடிக்காமல், கால் மணி நேரம் மகவோடு பேசுக. அது 'தா' என்றால் 'என்ன தர?' என்று கேட்டுக் காத்திருக்க. கோலாலம்பூர்த் தம்பி வீட்டுக்கு அக்காள் பரிசாகப் பொன்சங்கிலி அனுப்புவதினும், முதல் ஓராண்டு அன்னையை அனுப்பிவைப்பது மேல். நுழைவிசைவுக்கும் வானூர்திக்கும் ஆகும் செலவு சங்கிலி விலையை எட்டாது. அழைப்பிதழைத் தமிழில் அச்சிடுங்கள். உறவுப்பெயர்களை முறையோடு அதில் எழுதுங்கள். நாளை அம்மகவு எழுத்துக் கூட்டும்போது அதுவே அதன் குடிவழிச் சுவடி ஆகும்.

அம்மொரோக்கோ வழிச்செலவினர்க்கு வேறொரு மகனும் இருந்தான். 1326இல் தமாசுக்கசு நகரில் கருவுற்ற மனைவியை விட்டுக் கிளம்பியவர், இந்தியாவில் இருக்கும்போது மகன் பிறந்த செய்தி கேட்டு, அவன் தாய்வழிப் பாட்டனுக்கு நாற்பது பொற்காசு அனுப்பிவைத்தார். 1348இல் அந்நகருக்குத் திரும்பியதும் முதல்வேலையாய் மகனைப் பற்றி உசாவினார். அவன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.