தெருவை அளந்தறிவோம்



ஊர் வேறு, சேரி வேறு எனப் பிரித்து வைத்த மண்ணில் பிறந்த நமக்கு, வாழும் இடம் வாழ்வை வகுக்கும் என்பதைப் பிறர் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. ஆயினும், 'பிள்ளைகள் பின்தங்குவதற்குப் பெற்றோரே காரணம். தெரு என்ன செய்யும்?' என்று வினவுவோர் உளர். அவர்களுக்குக் கணக்கைக் கொண்டே விடையளித்தல் வேண்டும்.

அத்தகைய கணக்கொன்று அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. அந்நாட்டரசு 1994 முதல் 1998 வரை சிகாகோ, பாஸ்டன் உள்ளிட்ட 5 நகரங்களில், வறுமை மிக்க அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏறத்தாழ 4,600 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு சாராருக்கு, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர வாடகை உதவி கிட்டியது. வேறொரு சாராருக்கு அது கிட்டவில்லை. குலுக்கலாதலின் இரு சாராரும் ஒத்த நிலையினரே. பொருளியலறிஞர் ராஜ் செட்டியும் அவர்தம் குழுவினரும் பின்னாளில் வரிக் கணக்குகளை ஆராய்ந்து 2015இல் முடிவினை வெளியிட்டனர். 13 வயதுக்கு முன் குடிபெயர்ந்த பிள்ளைகள், இருபதுகளின் நடுவயதில் 31 விழுக்காடு மிகுதியாக ஈட்டினர். அவ்வயதைக் கடந்தபின் பெயர்ந்தோர்க்கு அந்நன்மை வாய்க்கவில்லை. ஆகவே, குடிபெயர உதவுவதாயின் பிள்ளைகளின் இளவயதிலேயே உதவுதல் நன்று.

நம் நாட்டிலோ, 15 இலட்சம் குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்த அறிக்கையொன்று 2023இல் வெளிவந்தது. பட்டியல் சாதியினரும் முசுலிம்களும் செறிந்து வாழும் பகுதிகளில் பள்ளி முதலிய பொது வசதிகள் குறைவு என்பதை அது காட்டிற்று. அக்குறை பெரும்பாலும் ஒரே நகரின் ஒரு பகுதிக்கும் மறுபகுதிக்கும் இடையே உள்ளது. மாவட்டச் சராசரியில் அது தென்படுவதில்லை. மாவட்டத்திற்குப் போதிய பள்ளிகள் உள்ளன என்று ஏட்டில் எழுதிவிடலாம்; நம் தெருப் பிள்ளை நடக்கும் தொலைவை அந்த ஏடு சொல்லாது.

எல்லாரும் குடிபெயர்ந்துவிடுங்கள் என்று நான் கூறவில்லை. பிறந்த தெருவிலேயே பள்ளியும், குடிநீரும், கழிவுநீர் வடிகாலும் கிடைத்தல் நம் உரிமை. அவ்வுரிமையைக் கேட்கச் சான்று வேண்டும். ஆதலின், கழக மாணவர்கள் தெருத்தெருவாகச் செல்லுங்கள். உயர்நிலைப் பள்ளி எத்தனை கல் தொலைவு, குழாயில் எத்தனை நாள் தண்ணீர் வருகிறது, பத்தாம் வகுப்புக்கு முன் நின்றவர் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் குறித்து வாருங்கள். அண்டைத் தெருவையும் அவ்வாறே குறியுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து அதிகாரிகளிடம் அளிப்போம். இன்று ஐந்து வயதான பிள்ளைக்கு எட்டே ஆண்டுகளில் பதின்மூன்று நிறைந்துவிடும். அதற்குள் இப்பணி முடிதல் வேண்டும் என வேண்டி அமர்கின்றேன்.